அறுபதிலும் மோட்டார் சைக்கிள்: ஆசையும் வேணும், நிதானமும் வேணும்

பிரட்டுக்குப் போய்ப் பழகிய உடம்பு நம்முடையது. செக்ரோலில் பேர் வெட்டிய பிறகும் விடியற்காலையில் அதே நேரத்துக்குக் கண் விழித்துவிடுகிறது. எழும்பி என்ன செய்வது? தேத்தண்ணியைக் குடித்துவிட்டு லயத்து வாசலில் குந்தியிருக்கிறோம். கைக்காசு வேலை கிடைத்தால் போகிறோம். இல்லாவிட்டால் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறோம். அந்த நேரத்தில்தான் மனதுக்குள் கிடந்த ஒரு பழைய ஆசை தலை நீட்டுகிறது.

நம்மில் பலர் சின்ன வயதில் மோட்டார் சைக்கிளைத் தூரத்தில் நின்றுதான் பார்த்தோம். சின்னத்துரையின் வண்டிச் சத்தம் அடுத்த முடக்கில் கேட்டாலே மலையில் பேச்சு நின்றுவிடும், கைகள் வேகமாக ஓடும். அந்த வண்டியில் நாமே ஏறி ஓட்டுவோம் என்று அன்றைக்கு யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. இன்று அப்படியல்ல. லயத்துக்கு இரண்டு மூன்று வண்டிகள் நிற்கின்றன. பிள்ளைகள் டவுனுக்கு வேலைக்குப் போக வாங்கியிருக்கிறார்கள். “நாமும் ஒன்று ஓட்டினால் என்ன?” என்று அறுபது வயதுக்காரர் கேட்கிறார்.

வீட்டில் உடனே சண்டை கிளம்புகிறது. “அப்பா, இந்த வயசுல ஒங்களுக்கு பைக் எதுக்கு? ஆட்டோ புடிச்சுப் போங்களேன்” என்கிறான் மகன். “விழுந்து கைகால் ஒடஞ்சா யாரு பாக்குறது?” என்கிறார் வீட்டுக்கார அம்மா. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆசைப்படுகிறவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆகவே, ஓட்டுவது என்றால் எப்படி ஓட்டுவது, எப்போது நிறுத்துவது என்பதை இந்த முறை கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

உடம்பு சொல்லும் கணக்கு

வயது போனால் வண்டி ஓட்டக் கூடாது என்று சட்டம் இல்லை. ஆனால் உடம்பில் சில மாற்றங்கள் நமக்குத் தெரியாமலே நடந்துவிடுகின்றன.

முதலாவது கண். வயது கூடக் கூட கண்ணுக்குள் போகும் வெளிச்சம் குறைகிறது. அந்தி நேரத்தில் பாதையின் ஓரமும் கானும் ஒன்றாகத் தெரியும். எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் அடித்தால் பார்வை திரும்பிவர இளவயதுக்காரரை விடக் கூடுதல் நேரம் எடுக்கும். கண்புரை இருந்தால் இன்னும் மோசம். ஆகவே முதலில் ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் கண்ணைக் காட்டுங்கள். கண்புரை இருந்தால் சத்திர சிகிச்சை செய்து, டாக்டர் “ஓட்டலாம்” என்று சொன்ன பிறகு வண்டியைத் தொடலாம்.

இரண்டாவது, கையும் காலும் வேலை செய்ய எடுக்கும் நேரம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகிற வண்டி ஒரு செக்கனில் 11 மீற்றர் ஓடும். நாய் குறுக்கே பாய்ந்ததைக் கண் பார்த்து, மூளை யோசித்து, கை பிரேக்கைப் பிடிப்பதற்கு முன்பைவிட அரைச் செக்கன் கூடினாலும் வண்டி 5 மீற்றருக்கு மேல் முன்னே போய்விடும். இது ஒரு லயத்துக் காம்பராவின் நீளத்தைத் தாண்டிய தூரம். இதற்கு ஒரே மருந்து வேகத்தைக் குறைப்பதுதான். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்கும் தூரம் நாலு மடங்காகும். 40இல் போவதும் 20இல் போவதும் ஒன்றல்ல.

மூன்றாவது, நாம் குடிக்கும் மருந்து. சீனி வியாதிக்கு மருந்து எடுக்கிறவர்கள் காலைச் சாப்பாட்டைத் தள்ளிப் போட்டுவிட்டு வண்டியில் ஏறக்கூடாது. சீனி திடீரென இறங்கினால் கை நடுங்கும், தலை சுற்றும். பாதையில் அது நடந்தால் ஆபத்து. சட்டைப்பையில் இரண்டு டொபியாவது இருக்கட்டும். பிரஷர் மாத்திரையைப் புதிதாகத் தொடங்கினாலோ, அளவை மாற்றினாலோ சில நாள் பொறுத்துப் பாருங்கள். தடிமனுக்குக் குடிக்கும் பிரிட்டோன் நித்திரை கொண்டுவரும், அன்றைக்கு வண்டி வேண்டாம். சாராயத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. “ஒரு கிளாஸ்தானே” என்கிற கதையே வேண்டாம்.

எந்த வண்டி நமக்குச் சரி?

பெரிய வண்டி கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் மேட்டில் நிறுத்தும்போது சாய்ந்தால் முழங்கால் தாங்காது. வண்டியில் உட்கார்ந்த நிலையில் இரண்டு பாதமும் முழுதாக நிலத்தில் படவேண்டும். அதுதான் முதல் பரீட்சை. வண்டியைத் தள்ளிப் பின்னுக்கு எடுத்துப் பாருங்கள். மூச்சு வாங்கினால் அந்த வண்டி உங்களுக்குப் பாரம்.

ஹொண்டா கப் போன்ற சின்ன வண்டிகளில் கையில் பிடிக்கிற கிளச் இல்லை. காலால் கியர் மாற்றினால் போதும். கை வாதம் உள்ளவர்களுக்கு இது சுகம். ஹொண்டா கம்பனி 1958ஆம் ஆண்டு தொடங்கிய இந்த ரக வண்டி, 2017க்குள் பத்துக் கோடிக்கு மேல் தயாரிக்கப்பட்டுவிட்டது. மனுசருக்கு ஏறி இறங்க லேசு என்பதும் அதற்கு ஒரு காரணம்.

ஸ்கூட்டருக்கு கியரே இல்லை, பெண்களுக்கும் ஓட்ட லேசு. ஆனால் மலைநாட்டில் அதற்கு ஒரு குறை உண்டு. மிக மெதுவாக இறங்கும்போது அதன் கிளச் தானாக விட்டுவிடும். அப்போது எஞ்சின் வண்டியைப் பிடிக்காது, பிரேக் மட்டும்தான் பிடிக்கும். செங்குத்தான தோட்டப் பாதையில் நெடுந்தூரம் இறங்குகிறவர்கள் இதை யோசித்து வாங்க வேண்டும்.

காசும் கடதாசியும்

2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. ஓய்வு பெறும்போது மூன்று வழியில் காசு வருகிறது. ஊழியர் சேமலாப நிதியில் நமது சம்பளத்தில் 8 வீதமும் நிர்வாகம் போட்ட 12 வீதமும் இருக்கும். நம்பிக்கைப் பொறுப்பு நிதியில் நிர்வாகம் போட்ட 3 வீதம் இருக்கும். மூன்றாவது பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருட சேவைக்கு 14 நாள் சம்பளம். 30 வருடம் வேலை செய்தவருக்கு 420 நாள் சம்பளம் வரவேண்டும்.

இது வாழ்நாள் முழுதும் கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் சேர்ந்த காசு. மாதச் சம்பளம் நின்ற பிறகு அது ஒன்றுதான் கைத்தடி. அதை மொத்தமாக வண்டியில் போடாதீர்கள். மாதச் சம்பளம் இல்லாத நேரத்தில் லீசிங்கும் எடுக்காதீர்கள். தவணை தவறினால் வண்டியும் போகும், கட்டிய காசும் போகும். வீட்டுச் செலவு, மருந்துச் செலவுக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கிற நல்ல பழைய வண்டியே நமக்குப் போதும். மகனின் வண்டி சும்மா நிற்கிற நாளில் அதை எடுப்பது இன்னும் மலிவு!

பழைய வண்டி வாங்கும்போது நம்பிக்கையான ஒரு கராஜ் பாஸைக் கூட்டிப் போங்கள். எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் பதிவுப் புத்தகத்தில் இருப்பது போலவே இருக்கவேண்டும். “ஓபன் பேப்பர்தான், பிறகு மாத்திக்கலாம்” என்றால் வாங்காதீர்கள். உங்கள் பேருக்கு மாற்றிய பிறகுதான் அது உங்கள் வண்டி. வருடா வருடம் புகைப் பரிசோதனை, இன்சூரன்ஸ், வருமான அனுமதிப்பத்திரம் ஆகிய செலவுகளையும் கணக்கில் சேருங்கள்.

சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாமல் “தோட்டத்துக்குள்ளதானே” என்று ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தோட்டத்துப் பாதை எங்கே முடிகிறது, பெரிய பாதை எங்கே தொடங்குகிறது என்று விபத்து பார்ப்பதில்லை. மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, ஓட்டப் பரீட்சை என்று முறையாகப் போங்கள். 100 சி.சி. வரையான வண்டிக்கு ஏ1 வகுப்பு, அதற்கு மேல் ஏ வகுப்பு. மருத்துவச் சான்றிதழை ஒரு தொல்லையாக நினைக்க வேண்டாம். காதும் கண்ணும் எப்படி இருக்கிறது என்று நமக்கே தெரிந்துகொள்ள அது ஒரு வாய்ப்பு.

ஏத்தம், இறக்கம், முடக்கு

மலைப்பாதையில் ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். பெற்றோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில் விட்டு இறங்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். அப்போது முழுப் பாரமும் பிரேக்கில்தான் விழும். பிரேக் சூடேறினால் பிடிப்புக் குறையும். கடைசி முடக்கில் பிரேக்கை அழுத்தினால் வண்டி நிற்காது. பழைய லொறி சாரதிமார் சொல்லும் கணக்கு ஒன்று இருக்கிறது: எந்தக் கியரில் ஏறினாயோ, அதே கியரில் இறங்கு. மோட்டார் சைக்கிளுக்கும் அதுதான் கணக்கு.

வண்டி நிற்கும்போது பாரம் முன்பக்கம் தள்ளப்படுகிறது. ஆகவே தார்ப்பாதையில் முன் பிரேக்தான் கூடப் பிடிக்கும். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். இரண்டையும் சேர்த்து, மெதுவாக அழுத்திப் பிடிக்கவேண்டும். ஆனால் கல்லும் மண்ணும் உள்ள தோட்டப் பாதையில் முன் பிரேக்கைத் திடீரென இறுக்கினால் சில்லு சறுக்கிவிடும். அங்கே வேகமே வேண்டாம்.

முடக்குக்குள் போன பிறகு பிரேக் பிடிக்காதீர்கள். போவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கி, ஹோன் அடித்து, இடப்பக்கமாகவே திரும்புங்கள். ரம்பொடை ஏத்தத்திலும் கினிகத்தேனைப் பக்கத்திலும் பஸ் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு முடக்கு முழுதும் வேண்டும். முடக்கில் பஸ்ஸோடு போட்டி போடாமல், முன்னமே ஒதுங்கி நின்று விடுவதுதான் புத்தி. ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிடுவது மலைநாட்டு மரியாதை.

மழையும் பனிமூட்டமும்

மழை தொடங்கிய முதல் சில நிமிடங்கள்தான் வழுக்கல் கூட. பாதையில் கிடந்த எண்ணெயும் தூசும் ஒன்றாகக் கரைந்து வரும். பாசி பிடித்த ஓரம், விழுந்த இலை, கொழுந்து லொறி கொண்டுவந்த சேறு எல்லாம் ஆபத்துத்தான். மூட்டம் இறங்கினால் பெரிய வெளிச்சத்தைப் போடாதீர்கள். அது மூட்டத்தில் பட்டுத் திரும்பி நமது கண்ணிலேயே அடிக்கும். சின்ன வெளிச்சமே போதும். ஒன்றும் தெரியாவிட்டால் பாதையை விட்டு நன்றாக ஒதுங்கி நில்லுங்கள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் மலைநாட்டுப் பாதைகள் பல இடங்களில் சரிந்ததை நாம் மறக்க முடியாது. கடும் மழைக்குப் பிறகு மண்திட்டுக்குக் கீழே வண்டியை நிறுத்தாதீர்கள். பாதை ஓரம் வெடித்திருந்தால் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

குளிரும் ஒரு எதிரிதான். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காலையில் ஓடினால் விரல் மரத்துப் போகும். மரத்த விரலால் பிரேக் பிடிக்க முடியாது. கையுறை, ஜேர்சி, காலுக்கு மூடிய சப்பாத்து அவசியம். சாரத்தோடும் ரப்பர் செருப்போடும் ஓட்டவேண்டாம்.

ஓடுவதன் சுகம்

இவ்வளவு பயமுறுத்திவிட்டு சுகம் எங்கே என்று கேட்கிறீர்களா? இனித்தான் இருக்கிறது.

பஸ்ஸில் போகும்போது சன நெரிசலில் பாதையே தெரிவதில்லை. மோட்டார் சைக்கிளில் மெதுவாகப் போனால், தெரிந்த ஊரே புதிதாகத் தெரியும். ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்குப் போகிற வழியில் டெவோன் நீர்வீழ்ச்சியையும் சென்கிளயர் நீர்வீழ்ச்சியையும் பாதையில் நின்றே பார்க்கலாம். நோர்வூட் பக்கம் காசல்ரீ நீர்த்தேக்கத்து ஓரத்தில் காலை வெயில் அழகு. தம்பேதன்னையில் லிப்டன் துரை 1890இல் கட்டிய ஃபெக்டரியைத் தாண்டி மேலே ஏறினால், அவர் உட்கார்ந்து மலைகளைப் பார்த்த லிப்டன் சீட் இருக்கிறது. துரை உட்கார்ந்த இடத்தில் இன்று நாம் போய் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கலாம்!

ஹட்டன், மஸ்கெலியா பக்கம் போவதற்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். ஆனால் சிவனொளிபாதமலை பருவகாலத்து வாகன நெரிசலைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஊவாப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை குறைவு. காலை வெயில் வந்த பிறகு கிளம்பி, நாலு மணிக்கு முன் வீடு சேருங்கள். அரை மணிக்கு ஒருமுறை இறங்கி இடுப்பை நிமிர்த்துங்கள். முதல் ஒரு மாதம் தோட்டத்து விளையாட்டு மைதானத்திலேயே பழகுங்கள். இருபது வருடத்துக்கு முன் ஓட்டியவருக்கும் இது பொருந்தும். “எனக்குத் தெரியும்” என்று நேரே பெரிய பாதைக்கு இறங்குகிறவர்தான் முதலில் விழுகிறார்.

வீட்டுக்கார அம்மாவையும் ஏற்றிப் போங்கள். ஆனால் அவருக்கும் ஹெல்மட் கட்டாயம். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகவேண்டும். சில்லில் சிக்கினால் கண்மூடித் திறப்பதற்குள் விபரீதம் நடந்துவிடும். எங்கே போகிறோம், எப்போது வருவோம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விபத்து என்றால் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். இந்த இலக்கத்தை வீட்டில் எல்லோரும் மனதில் வைத்திருக்கட்டும்.

எப்போது நிறுத்துவது?

தெரிந்த முடக்கே திடீரென வந்தது போல் இருந்தால், பின்னால் வந்த வண்டியின் ஹோன் கேட்காமல் போனால், கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்க முடியாவிட்டால், நின்ற வண்டி ஒரு மாதத்தில் இரண்டு தடவை சாய்ந்தால், அது உடம்பு சொல்லும் சேதி. முதலில் மழை நாளில் ஓட்டுவதை விடுங்கள். பிறகு பெரிய பாதையை விடுங்கள். கடைசியில் சாவியைப் பேரன் கையில் கொடுங்கள். அவனாகப் பறிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். நாமாகக் கொடுத்தால் அதற்கு ஒரு மரியாதை உண்டு.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அப்பாவைத் தடுப்பதற்கு முன்னால் ஒரு நாள் அவருக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து போய்ப் பாருங்கள். எப்படி ஓட்டுகிறார் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். நன்றாக ஓட்டினால் ஒரு நல்ல ஹெல்மட் வாங்கிக் கொடுங்கள். ஓட்ட முடியாத நிலையில் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஓட்டுங்கள், அவர் பின்னால் உட்காரட்டும். முப்பது நாற்பது வருடம் இந்த மலையில் நடந்தே ஏறி இறங்கிய கால் அது. கொஞ்சம் காற்று வாங்கிக்கொண்டு அந்த மலையைச் சுற்றிப் பார்க்கட்டுமே!