முட்டையைக் காப்பாற்றும் பனியன் வேஸ்ட்!

பனியன் என்றதும் நினைவுக்கு வரும் ஊர் திருப்பூர். அங்கே துணியை வெட்டும்போது துண்டுத் துணிகள் மலைபோல் மிஞ்சும். அதுதான் பனியன் வேஸ்ட். மெக்கானிக் ஷெட்டில் கை துடைப்பது இதில்தான். நூற்பாலைக்குப் போய் மறுபடி நூலாகவும் மாறும். இன்று அது நமக்கு இயற்பியல் சொல்லித் தரப்போகிறது!

50 கிராம் முட்டை ஒன்று 1.25 மீட்டர் உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் விழுந்தால் 'பொத்'தென்று உடைந்துவிடும். அதே முட்டை பனியன் வேஸ்ட் குவியலில் விழுந்தால்? பெரும்பாலும் உடையாது. ஏன்?

நகரும் பொருளுக்கு உந்தம் உண்டு. நிறையைத் திசைவேகத்தால் பெருக்கினால் கிடைப்பதே உந்தம். கீழே வந்து சேரும்போது முட்டையின் வேகம் விநாடிக்குச் சுமார் 5 மீட்டர். எனவே உந்தம் 0.05 × 5 = 0.25. முட்டை நின்றதும் உந்தம் பூஜ்யமாகிவிடும். தரையானாலும் குவியலானாலும் முட்டை இழக்கும் உந்தம் ஒன்றேதான்!

அப்படியானால் வித்தியாசம் எங்கே? நிற்பதற்கு ஆகும் நேரத்தில்!

விசை × நேரம் = உந்த மாற்றம். இந்தப் பெருக்கலுக்குக் 'கணத்தாக்கு' என்று பெயர். விசைதான் உந்தத்தை மாற்றுகிறது என்பதை ஐசக் நியூட்டன் 1687-ல் வெளியான தன் புத்தகத்தில் விதியாகவே எழுதினார்.

தரையில் முட்டை 0.001 விநாடியில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். விசை 250 நியூட்டன். 25 கிலோ மூட்டையை முட்டையின் தலையில் வைத்த மாதிரி! துணிக் குவியல் அமுங்கி, 0.05 விநாடியில் நிறுத்தினால் விசை வெறும் 5 நியூட்டன். அரைக்கிலோ எடைதான். நேரம் 50 மடங்கு கூடியது. விசை 50 மடங்கு குறைந்தது!

லாரியில் பெட்டி ஏற்றுபவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? கீழேயிருந்து ஒருவர் பனியன் பெட்டியை வீச, மேலே நிற்பவர் கைகளைப் பின்னுக்கு இழுத்தபடியே பிடிப்பார். அவரும் நேரத்தைத்தான் நீட்டுகிறார்.

இப்போது முக்கியமான விஷயம். காலை நேரத்தில் திருப்பூர்ச் சாலைகளில் எத்தனை டூவீலர்கள்! அம்மா, அப்பா கம்பெனிக்குப் போகும் வழியில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிடுவார்கள். வண்டி சறுக்கித் தலை தரையில் மோதினால், அதுவும் முட்டை மாதிரிதான். ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் தெர்மோகோல் நசுங்கி, தலை நிற்கும் நேரத்தை நீட்டுகிறது. மண்டை ஓட்டின் மீதான விசை குறைகிறது. நசுங்கிய தெர்மோகோல் பழைய நிலைக்கு வராது. அதனால் பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடக்கூடாது.

4 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஹெல்மெட் வேண்டும் என்கிறது, 2019-ல் நிறைவேறிய மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம். பின்னால் உட்காரும் உங்களுக்கும்தான்!

நாளைக் காலை வண்டியில் ஏறும் முன் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட்டைப் போட்டு, வாரையும் மாட்டிக்கொள்ளுங்கள். அப்பா மறந்தால் அவருக்கும் எடுத்துக் கொடுங்கள். 'ஏன்?' என்று கேட்டால் முட்டைக் கணக்கைச் சொல்லுங்கள்!