மாத்தளை மக்களின் ஆவணங்கள் எங்கே இருக்கின்றன?

காணித் தகராறு ஏற்படும்போதோ, பள்ளிவாசலின் எல்லை பற்றிக் கேள்வி எழும்போதோதான் பழைய கடதாசிகளைப் பற்றிய கவலை எமது மக்களைப் பிடித்துக்கொள்கிறது. 2012ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் தம்புள்ள பள்ளிவாசலுக்கெதிராக எதிர்ப்புக் கிளம்பியபோது, அது எத்தனை ஆண்டுப் பழைமை உடையது, அதன் காணி எவருக்குரியது என்ற வினாக்களே முன்னிறுத்தப்பட்டன. அண்டை ஊரான கலேவெலவில் வாழும் முஸ்லிம்களும் தமிழர்களும் அவ்வினாக்களைத் தம்மிடமும் கேட்கப்பட்டவையாகவே கருதியிருப்பர். அவற்றுக்கு விடைதரக்கூடிய ஆவணங்கள் எங்கே உள்ளன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குருநாகலிலிருந்து தம்புள்ள ஊடாகத் திருகோணமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், மாத்தளை மாவட்டத்தின் மேற்கு விளிம்பில் கலேவெல அமைந்துள்ளது. கடைவீதியில் மூவினத்தவரும் கலந்து வாழும் ஊர் இது. இதற்கருகிலுள்ள வஹக்கோட்டை ஒரு கத்தோலிக்கக் கிராமம். கண்டி மன்னரால் குடியமர்த்தப்பட்ட போர்த்துக்கேயரின் வழித்தோன்றல்களே தாங்கள் என்னும் மரபு அங்கு நிலவுகிறது. இவ்வளவு கலவையான வரலாறுள்ள ஒரு பிரதேசத்தின் பதிவேடுகள் அப்பிரதேசத்தில் இல்லை. அவை கண்டியிலும் கொழும்பிலும், ஒரு பகுதி இலண்டனிலும் கிடக்கின்றன.

கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் கூடம் தலைமை நிலையமாகும். அதன் கிளையொன்று கண்டியில் இயங்குகிறது. ஒல்லாந்தர் விட்டுச்சென்ற 1640 முதல் 1796 வரையிலான ஏடுகளே இந்நிறுவனத்தின் மிகப் பழைய செல்வம். அவற்றை ஒழுங்குபடுத்துவதற்காகவே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்.ஜி.அந்தோனிஸ் என்பவர் சுவடிகள் அதிகாரியாக நியமிக்கப்பட்டார். இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஜப்பானியக் குண்டுவீச்சுக்கு அஞ்சி இவ்வேடுகள் நுவரெலியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டன. இடம் மாறி மாறி அலைந்த பின்னர் 1977ஆம் ஆண்டிலேயே இன்றுள்ள கட்டடத்திற்கு வந்து சேர்ந்தன. இதற்கு நான்கு ஆண்டுகள் முன்னதாக, 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க தேசிய சுவடிகள் சட்டம் நிறைவேற்றப்பட்டிருந்தது. அரச ஏடெதனையும் சுவடிகள் திணைக்களத்தின் இணக்கமின்றி அழித்தலாகாது என்பது அதன் முக்கிய விதி. எத்தனை அலுவலகங்கள் இதனை மனதிற்கொண்டு பழைய அலுமாரிகளைத் துப்புரவு செய்கின்றன என்பது வேறு விடயம்.

கரையோர மக்களுக்கும் மலைநாட்டு மக்களுக்கும் இடையே ஆவண விடயத்தில் ஒரு பெரும் வேறுபாடுண்டு. ஒல்லாந்தர் தமது ஆட்சிக்குட்பட்ட கரையோரங்களில் ‘தோம்பு’ என்னும் பதிவேடுகளைத் தயாரித்தனர். குடும்பத் தலைவர், பிள்ளைகள், தோட்டம், வயல் என அனைத்தும் அவற்றில் அடங்கும். கண்டி இராச்சியம் ஒல்லாந்தர் வசமாகவில்லை. ஆதலால் மாத்தளைக்குத் தோம்பு இல்லை. அதற்குப் பதிலாக அங்கிருந்தவை ‘லேகம் மிட்டி’ எனப்படும் ஓலைப் பதிவேடுகளாகும். கண்டி அரசில் வயல் என்பது பெரும்பாலும் அரசனுக்குச் செய்யும் சேவைக்கான ஊதியமே. எனவே எந்த வயலை எவர் அனுபவிக்கிறார், அதற்காக அவர் என்ன சேவை செய்யவேண்டும் என்பது துறைவாரியாக எழுதிவைக்கப்பட்டது.

முஸ்லிம்களுக்கு இது முக்கியமானது. பொதிமாடுகளைக் கொண்டு உப்பும் கருவாடும் மலைநாட்டுக்கு ஏற்றி, பாக்கையும் பிற விளைபொருள்களையும் கரைக்கு இறக்கிய ‘மடிகே’ என்னும் போக்குவரத்துத் துறையில் பெரும் பங்கு வகித்தவர்கள் அவர்களே. போர்த்துக்கேயரால் 1626இல் விரட்டப்பட்ட முஸ்லிம்களுக்குச் செனரத் மன்னன் புகலிடம் அளித்தான் என்பது எமது மேடைகளில் அடிக்கடி சொல்லப்படும் செய்தி. மேடைப் பேச்சு வேறு. ஓலையில் பெயரும் வயலும் சேவையும் எழுதப்பட்டிருப்பது வேறு. பேராசிரியை லோர்னா தேவராஜா 1994இல் வெளியிட்ட இலங்கை முஸ்லிம்கள் பற்றிய நூல் மதிக்கப்படுவதற்குக் காரணம், பெருமைப் பேச்சை ஒதுக்கி இத்தகைய சான்றுகளை அது நாடியமையே. மாத்தளைத் திசாவையின் எல்லைகளைக் கூறும் ‘கடயிம்’ ஏடுகளும் உள்ளன. ஆயினும் ஹியூ நெவில் என்னும் ஆங்கில அதிகாரி திரட்டிய 2,227 இலங்கைச் சுவடிகள் 1904ஆம் ஆண்டில் இலண்டன் நூதனசாலையைச் சென்றடைந்துவிட்டன.

1815 மார்ச் 2ஆம் திகதிய ஒப்பந்தத்தோடு ஏடுகளின் தன்மை மாறுகிறது. கண்டியில் பிரித்தானிய வதிவிடப் பிரதிநிதியாக இருந்த ஜோன் டொயிலி, சிங்களம் கற்றறிந்தவர். அவர் எழுதிவைத்த நாட்குறிப்பும் கண்டி அரசியலமைப்புப் பற்றிய குறிப்பும் பின்னர் அச்சேறின. கண்டி மாகாணங்களை நிருவகித்த ஆணையாளர் சபையின் நடவடிக்கைக் குறிப்புகள், சபை 1833இல் கலைக்கப்படும் வரையிலானவை, சுவடிகள் கூடத்தில் உள்ளன. 1817ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களுள் ஒன்று, வெல்லஸ்ஸைப் பகுதி மடிகே முகாந்திரமாக ஹாஜி மரிக்கார் என்ற முஸ்லிம் நியமிக்கப்பட்டமையாகும். கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த 1818இல் கண்டிப் பகுதி முஸ்லிம்களைச் சிங்களப் பிரதானிகளின் அதிகாரத்திலிருந்து விலக்கி ஆங்கிலேயர் பிரகடனம் செய்தனர். பிரித்தாளும் தந்திரம் எவ்வளவு முன்னதாகத் தொடங்கியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சி தொடர்பான கடிதங்களின் பெரும்பகுதி ஆளுநர்கள் குடியேற்ற அமைச்சுக்கு அனுப்பியவற்றோடு இங்கிலாந்தின் கியூ சுவடிகள் கூடத்தில் இருக்கிறது.

எனினும் சாதாரணக் குடும்பமொன்றுக்குப் பயன்படக் கூடியவை இப்பெரிய நிகழ்ச்சிகளின் கோப்புகளல்ல, கச்சேரிக் கோப்புகளே. மாத்தளை, மத்திய மாகாணத்தின் கீழ் உதவி அரசாங்க அதிபர் ஒருவரால் ஆளப்பட்டது. பிரித்தானிய அதிகாரிகள் நாட்குறிப்பு எழுதி மேலிடத்துக்கு அனுப்பவேண்டும் என்பது விதி. லெனார்ட் வூல்ஃப் அம்பாந்தோட்டையில் 1908 முதல் 1911 வரை எழுதியவை நூலாக வந்தமையால் இவ்வகை ஏட்டைப் பலர் அறிவர். குளம் உடைந்தது, மாட்டு நோய் பரவியது, எந்த ஊரில் எவர் வந்து முறையிட்டார் என்பன அவற்றில் நாள்வாரியாக வரும். நெல் வரி இடாப்புகள் இன்னும் பயனுள்ளவை. 1892இல் அவ்வரி ஒழிக்கப்படும் வரை வயல்வாரியாகவும் உரிமையாளர்வாரியாகவும் அவை பேணப்பட்டன. வரி கட்டியவன் பெற்ற துன்பம் பேரனுக்குச் சான்றாக அமைவது விநோதந்தான்.

இங்கு 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தைக் குறிப்பிடாமல் அப்பால் செல்ல முடியாது. உரிமை நிரூபிக்கப்படாத காடும் தரிசும் முடிக்குரியன என்று அது அனுமானித்தது. சேனைப் பயிர் செய்த ஏழை, தன் பாட்டன் வெட்டிய நிலத்துக்குக் கடதாசி காட்டவேண்டியவனானான். ஆவணமில்லாதவன் உரிமையில்லாதவன் என்ற நிலை எம் நாட்டில் சட்டமாக வேரூன்றிய காலம் அதுவே. அடுத்து 1863இல் உறுதிகளைப் பதியும் முறைக்கான சட்டம் வந்தது. 1867ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து பிறப்பு இறப்புப் பதிவும் பரவலாயிற்று. கண்டி மாவட்ட நீதிபதியாக விளங்கிய ஏ.சி.லோரி, நீதிமன்ற ஏடுகளையும் பழைய உறுதிகளையும் படித்து, கண்டி, மாத்தளைக் கிராமங்களை அகரவரிசையில் விவரிக்கும் இரு தொகுதிகளை 1896இலும் 1898இலும் வெளியிட்டார். மாத்தளை மாவட்டத்தில் தன் ஊரின் பழமையை ஆராய விரும்புபவர் முதலில் புரட்டவேண்டியது இதுவே.

தமிழ்த் தோட்டத் தொழிலாளரின் கதை வேறுபட்டது. கலேவெலவுக்குக் கிழக்கே, மன்னாரிலிருந்து தம்புள்ள, நாலந்தை வழியாக மாத்தளைக்கு வரும் பழைய வடபாதையால் அவர்களின் முன்னோர் கால்நடையாக வந்தனர். வழியில் மாண்டவர்களுக்குப் பதிவில்லை. தோட்டத்தை அடைந்தவர்களோ செக்ரோலில் பெயராகவும் ‘துண்டு’ என்னும் கடன் சீட்டில் தொகையாகவும் மட்டுமே எழுதப்பட்டனர். துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டபோது, அந்தப் பேரேடுகளே இம்மக்களின் தலைவிதியைத் தீர்மானிப்பவையாயின. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன்னர் மணமானோர் 7 ஆண்டுகளும், மணமாகாதோர் 10 ஆண்டுகளும் இடையறாது இந்நாட்டில் வசித்ததை நிரூபிக்கவேண்டியிருந்தது. எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பிக்கப்பட்டு, ஏறத்தாழ 1,34,000 பேருக்கே பிரஜாவுரிமை கிடைத்தது. லயத்து அறையில் வாழ்ந்தவன் எந்தக் கடதாசியைப் பத்திரப்படுத்தியிருப்பான்? தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி 1992இல் கம்பனிகளின் முகாமைக்கு மாறின. ஒவ்வொரு கைமாற்றமும் பழைய பேரேடுகளுக்கு ஆபத்தான தருணமாகும்.

அரச சுவடிகள் கூடத்தில் எத்தனை தேடினாலும் கிடைக்காதவையும் உள்ளன. அரச ஏடு என்பது வரி கேட்டவனின் ஏடு, தீர்ப்பு வழங்கியவனின் ஏடு. பள்ளிவாசலின் கணக்குப் புத்தகமும் மத்திச்சத்தின் குறிப்பும் கோயில் உபயப் பட்டியலும் குடும்பத்திலுள்ள அரபுத்தமிழ்க் கிதாபும் அங்கு சென்றடையவில்லை. கண்டியைச் சேர்ந்த சித்திலெவ்வை ‘முஸ்லிம் நேச’னைத் தொடங்கியது 1882இல். அச்சிட்டவற்றின் பிரதிகளை அரசுக்கு ஒப்படைக்கவேண்டும் என்ற சட்டம் 1885இல்தான் வந்தது. அச்சேறியவற்றுக்கே இப்படியெனில் கையெழுத்துப் பிரதிகளைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ? 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் 97,000 நூல்கள் எரிக்கப்பட்டன. ஒரே இடத்தில் ஒரே பிரதியாக வைத்திருப்பதன் ஆபத்தைத் தமிழ் பேசும் மக்களுக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத் திட்டம் இவ்வேதனையின் பின்னணியில் எழுந்த நல்ல முயற்சி. ஆயினும் மாத்தளை மாவட்டத்தின் சிற்றூர்ப் பள்ளிவாசல்களின் அலுமாரிகளைத் தொண்டர்கள் தேடி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரச அலுவலகங்களிடம் பதிவேடுகளைக் கேட்டுப் பெற வழிவகுத்துள்ளது. எதைக் கேட்பது என அறிந்தவனுக்கே அது பயன்படும். கலேவெலக் குடும்பமொன்றோ பள்ளிவாசல் நிருவாகமோ தொடங்கவேண்டிய இடம் வீட்டிலிருக்கும் உறுதியேயாகும். அதன் அட்டவணையில் காணியின் பழைய பெயரும் நான்கு எல்லைகளும் இருக்கும். பதிவு முத்திரையில் தொகுதி இலக்கமும் பக்க இலக்கமும் இருக்கும். அவ்விலக்கங்களோடு காணிப் பதிவகத்துக்குச் சென்றால் முந்திய பக்கம், அதற்கு முந்திய பக்கம் எனப் பின்னோக்கிச் செல்லலாம். பதிவு நின்றுபோகும் இடத்தில் கிடைக்கும் காணிப் பெயரையும் உரிமையாளர் பெயரையும் எழுதிக்கொண்டு கண்டிக் கிளைக்குச் செல்வதே அடுத்த வேலை.