கேட்டுக்குள் கேட்ட சேதி

ஊருக்கு ஒரு சேதி சொல்லவேண்டுமானால் அந்தக் காலத்தில் தண்டோரா போட்டார்கள். தமுக்குச் சத்தம் கேட்டதும் அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டுவிட்டுப் பெண்கள் வாசலுக்கு ஓடி வருவார்கள். இன்றோ சென்னையைச் சுற்றி, முக்கியமாகப் பழைய மகாபலிபுரம் சாலையில், மதிலும் கேட்டும் காவற்காரருமாகப் பெரிய பெரிய குடியிருப்புகள் எழும்பியிருக்கின்றன. ஒரு மதிலுக்குள் முந்நூறு வீடு, ஐந்நூறு வீடு! ஒரு கிராமமே உள்ளே அடக்கம். இந்தக் கிராமத்துக்குத் தண்டோரா எது?

கைத்தொலைபேசிதான். ‘வாட்ஸப்’ குழுவில் சங்கத்தின் காரியதரிசி ஒரு வரி எழுதினால் போதும். அத்தனை வீட்டிலும் மணி அடிக்கிறது. தண்ணீர் லாரி எப்போது வரும், எந்தப் பிளாக்கில் லிப்ட் நின்றுவிட்டது, கொசு மருந்து என்றைக்கு—எல்லாம் அதில்தான். ஆனால், அந்த ஒரு வரிக்கு முன்னால் நாற்பது ‘காலை வணக்கம்’; பின்னால் கார் நிறுத்தும் சண்டை. நடுவே அகப்பட்ட தண்ணீர்ச் சேதி திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த குழந்தைதான்! நடத்துபவர் மட்டும் எழுத, மற்றவர்கள் படிக்கும் வசதி 2018-ல் வந்தது. சேதிக்கென்றே அப்படி ஒரு குழுவை ஒதுக்கிவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

இன்னொரு வேடிக்கை. வீட்டில் இருப்பது வயதான தாயார். குழுவில் இருப்பதோ அமெரிக்காவிலுள்ள பிள்ளை. “அம்மா, நாளைக்குத் தொட்டி கழுவுகிறார்களாம், தண்ணீர் பிடித்து வை!” என்று கடல் கடந்து தகவல் வருகிறது. அடுத்த வீட்டுக்காரர் சொல்லியிருக்கலாம். அவருக்கும் இவருக்கும் பழக்கமில்லை!

வாசலில் வந்து நிற்பது யார் என்பதும் ஒரு சேதிதானே? 2016-ல் பெங்களூரில் ஆரம்பித்த ‘மைகேட்’ போன்ற ஏற்பாடுகள் இதற்கென்றே வந்தவை. காவற்காரர் விருந்தாளியின் பெயரைப் பதிந்ததும் வீட்டுக்காரரின் தொலைபேசி கேட்கிறது: “உள்ளே விடலாமா?”

இத்தனை வித்தைக்கும் உயிர்நாடி மின்சாரம். 2015 டிசம்பர் 1-ந் தேதி பிடித்த மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அடையாறு கரை புரண்டது. பல பகுதிகளில் மின்சாரம் நின்றது, தொலைபேசிகளும் ஊமையாயின. 1878-ல் பிறந்த ‘ஹிந்து’ பத்திரிகையே, ஊழியர்கள் மறைமலை நகர் அச்சகத்துக்குப் போக முடியாததால், 2-ந் தேதி சென்னையில் வெளிவரவில்லை. அப்படிப்பட்ட இரவில் சேதி போக ஒரே வழி, கதவைத் தட்டுவதுதான். எந்தக் கதவை முதலில் தட்டுவது? தரைத் தளத்தில் தனியாக இருக்கும் பாட்டியின் கதவையா, இன்ஸுலின் போட்டுக்கொள்ளும் பெரியவரின் கதவையா? இது தொலைபேசிக்குத் தெரியாது. காவற்காரருக்கும் வீட்டு வேலைக்கு வரும் அம்மாளுக்கும் தெரியும்.

ஆகவே, காகிதத்தில் ஒரு பட்டியல் இருக்கட்டும். முதியவர்கள், நோயாளிகள், குடியிருப்பிலேயே வசிக்கும் டாக்டர், மோட்டார் பழுது பார்ப்பவர்—எல்லார் விவரமும் அதில் இருக்கவேண்டும். ஊரார் பார்க்கத் தொங்கவிடாமல் காவல் அறையில் பத்திரமாக வைக்கவேண்டும். மாடிக்கு ஒருவர் பொறுப்பேற்கட்டும். லிப்டுக்குப் பக்கத்தில் பழைய நோட்டீஸ் போர்டும் இருக்கட்டும். அதற்குப் பாட்டரி வேண்டாம்!

உங்கள் அடுத்த வீட்டுக்காரரின் பெயர் தெரியுமா? இன்று மாலையே கேட்டு வையுங்கள். மழை வரும்வரை காத்திருக்க வேண்டாம்.