லிமாவின் பொது அடுப்புகள்

பெருவின் தலைநகர் லிமாவை ஒட்டிய ஏழைக் குடியிருப்புகளில் 1970களின் இறுதியில் உருவானவை 'கொமெதோர் பொப்புலார்' என்னும் மக்கள் உணவுக்கூடங்கள். வேலைநிறுத்தக் காலத்தில் தெருவில் விறகடுப்பு மூட்டி, ஒரே பானையில் சமைத்துப் பகிர்ந்துண்ட வழக்கமே இவற்றுக்கு முன்னோடி. ஆண்டிஸ் மலைநாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, கடலோர மணல்வெளியில் பாய்த்தட்டி வீடுகளில் குடியேறிய குடும்பங்களுக்குத் தனித்தனியே உலை வைப்பது கட்டுப்படியாகவில்லை. பெண்கள் அடுப்பைப் பொதுவாக்கினார்கள்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்தால் ஒரு கூடம். முறை வந்தவர்கள் காலையிலேயே சந்தைக்குப் போய்ப் பேரம் பேசிக் காய்கறி வாங்க வேண்டும். பிறகு உருளைக்கிழங்கு மலைபோல் குவியும். தோல் சீவியே கை மரத்துவிடும். நண்பகலுக்குள் ஒரு சூப்பும், சோறும் பருப்பும் சேர்ந்த ஒரு பதார்த்தமும் தயாராக வேண்டும். பிள்ளைகள் தூக்குப் பாத்திரத்தோடு வரிசையில் நிற்பார்கள். உறுப்பினருக்கு மலிவு விலை. காசநோயாளிகள், ஆதரவற்ற முதியவர்கள் போன்றோருக்கு இலவசம். அன்று சமைத்தவர்களுக்குக் கூலி கிடையாது. வீட்டுக்கு எடுத்துப்போகச் சாப்பாடு உண்டு.

கூடங்களை அடுத்து, குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மாருக்கான 'ஒரு குவளைப் பால்' திட்டம் லிமாவில் 1984இல் தொடங்கியது. பால் நகர நிர்வாகத்தின் பொறுப்பு. காய்ச்சிப் பங்கிடுவது தெருக்குழுப் பெண்களின் வேலை. அவர்கள் பேரணி நடத்திக் கேட்டதால், மறு ஆண்டே அது நாடு முழுவதற்குமான சட்டமாயிற்று.

1990 ஆகஸ்டில் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டபோது பெட்ரோல் விலை ஒரே இரவில் ஏறக்குறைய 30 மடங்கானது. ரொட்டியும் கைக்கு எட்டவில்லை. அந்தப் பஞ்சத்தை லிமாவின் ஏழைகள் தாண்டியது பெரும்பாலும் இந்த அடுப்புகளால்தான். இலவச உணவு சோம்பேறிகளை வளர்க்கும் என்று ஒரு விமர்சனம் உண்டு. வரிசையில் நிற்காதவர்களே அதை அதிகம் சொன்னார்கள்.

கூடங்கள் பெண்களைக் கணக்குப்பிள்ளைகளாக்கின. கிடங்குச் சாவி ஒருவரிடம், ரொக்கம் இன்னொருவரிடம், வரவுசெலவு எல்லோர் முன்பும். கணவனைக் கேட்காமல் வாசற்படி தாண்டாதவர்கள் கூட்டங்களில் எழுந்து பேசினார்கள். 1971இல் குடியேற்றமாகத் தொடங்கிய விய்யா எல் சால்வதோரில், பெண்கள் கூட்டமைப்பின் தலைவி துணை மேயராகவே உயர்ந்தார். ஆயுதக் குழு ஒன்றின் மிரட்டலுக்குப் பணிய மறுத்த அவர், 1992 பிப்ரவரியில் சமூக விருந்து ஒன்றில் கொல்லப்பட்டார்.

ஆனால் தலைமைப் பதவி பையை நிரப்பாது. சுயசார்பு என்று போற்றப்பட்டதில் பெரும்பகுதி சம்பளமில்லாத உழைப்பு. சில கூடங்கள் ரொட்டி அடுமனை, பின்னல் வேலை என்று வருமான வழி தேடின. அதற்கு முதல் வேண்டும், நேரமும் வேண்டும். நேரத்தைத்தான் பொதுச் சமையல் எடுத்துக்கொண்டது. அரசு செய்ய வேண்டியதைப் பெண்களின் பொறுமை செய்துமுடிக்கும்போது, அந்தச் செலவு எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் ஏறுவதில்லை. சமையல் பெண்ணின் இயல்பான கடமை என்ற எண்ணமும் இதனால் இறுகியது. கூடத்தில் சமைத்தவர் வீட்டுக்குத் திரும்பினால் துணி துவைப்பதும் அவரே.

2020இல் ஊரடங்கு வந்து தினக்கூலி நின்றதும், குன்றுச் சரிவுகளில் பொதுப்பானைகள் மீண்டும் ஏறின. எரிவாயு வாங்கப் பணமில்லாத இடங்களில் பழைய மரப்பலகைகளை உடைத்து எரித்தார்கள். 2022இல் பொதுப்பானைகளுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. கரண்டி பிடித்தவர்கள் இந்த முறையும் பெண்களே. அவர்களில் பலர் அந்த ஊரடங்கில்தான் வீட்டுவேலையையும் தெருக்கடை வியாபாரத்தையும் இழந்திருந்தார்கள்.