ஒரே உடம்பு, மூன்று மருந்துச் சீட்டு

சர்க்கரைக்கு ஒரு டாக்டர், ரத்த அழுத்தத்துக்கு இன்னொருவர், முழங்கால் வலிக்கு மூன்றாமவர். வலிக்குத் தரும் டைக்ளோஃபெனாக் ரத்த அழுத்தத்தை ஏற்றலாம். தளர்ந்த சிறுநீரகத்தை மேலும் கெடுக்கலாம். இதெல்லாம் மருத்துவப் பாடத்தில் உண்டு, வெவ்வேறு அத்தியாயங்களில். துறை துறையாகப் படிக்கும் மாணவருக்கு முழு நோயாளி கண்ணில் படுவதே அபூர்வம்.

மகாராஷ்டிரத்தில் சேவாகிராமத்தில் 1969-ல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி ஒரு வழி வைத்திருக்கிறது: மாணவர்கள் கிராமத்தைத் தத்தெடுத்து, ஒதுக்கப்பட்ட குடும்பங்களுக்குத் திரும்பத் திரும்பப் போகிறார்கள். 2021-22-ல் சேர்ந்தவர்கள் முதல், குடும்பத் தத்தெடுப்பை நாடெங்கும் பாடத்திட்டத்தில் சேர்த்தது தேசிய மருத்துவ ஆணையம். நல்ல காரியம்தான். பதிவேட்டை நிரப்புவதோடு நின்றால் பயனில்லை. பாட்டியின் மாத்திரை டப்பாவைக் கவிழ்த்து, எது எதற்கு, எதை நிறுத்தலாம் என்று ஆசிரியரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். சர்க்கரை அளவா, சந்தைவரை நடப்பதா, எது முக்கியம் என்று பாட்டியிடமும் கேட்க வேண்டும்.