விளையாட்டுக் கணினி: வாங்கும் முன் பொருத்தம் பாருங்கள்

வடக்கு, கிழக்கில் பல வீடுகளுக்குக் கணினி வருவது வெளிநாட்டு உறவினர் அனுப்பிய பணத்திலோ சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்திலோதான். 2022 இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்த பின்னர் இறக்குமதிப் பாகங்களின் விலையும் ஏறிவிட்டது. பிள்ளைகள் கேட்பது விளையாட்டுக் கணினியாக இருந்தாலும், படிப்பும் வீடியோ தொகுப்பும் வடிவமைப்பு வேலையும் அதிலேயே நடக்கும். எனவே, ஒன்றுக்கொன்று பொருந்தாத பாகங்களை வாங்கி அந்தப் பணத்தை வீணாக்கக் கூடாது.

புரொசசரும் மதர்போர்டும்

மதர்போர்டில் புரொசசர் அமரும் இடமே சொக்கட். ஏ.எம்.டி. ரைசன் 5 5600 புரொசசர் ஏ.எம்.4 சொக்கட்டுக்கு உரியது. பி550, ஏ520 மதர்போர்டுகள் அதற்குப் பொருந்தும். பழைய பி450 போர்ட் என்றால் அதன் பயோஸ் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் கணினி தொடங்காது. இன்டெல் ஐ3-12100எஃப் எல்.ஜி.ஏ.1700 சொக்கட்டுக்கு உரியது. 10 ஆம் தலைமுறைப் போர்டில் அது பொருந்தாது.

இன்டெல் பெயரின் இறுதியில் ‘எஃப்’ இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. ரைசன் 5 5600 இலும் இல்லை. தனியான கிராபிக்ஸ் கார்ட் இல்லாமல் இவற்றில் திரையில் எதுவும் தெரியாது. ரைசன் 5 5600ஜி இல் கிராபிக்ஸ் உண்டு. கார்ட் வாங்கப் பணம் சேரும்வரை இலகுவான விளையாட்டுகளுக்கு அது போதும்.

ராம்

டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் வெட்டு வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றது நுழையாது. ஏ.எம்.4 போர்டுகளுக்கு டிடிஆர்4 மட்டுமே. எல்.ஜி.ஏ.1700 போர்டுகளில் இரண்டு வகையும் உள்ளதால் பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். 16 ஜீபி ஒரே துண்டாக வாங்குவதை விட, 8 ஜீபி இரண்டாக வாங்கிப் பொருத்தினால் வேகம் கூடும்.

பவர் சப்ளை

பலர் பணத்தை மிச்சம் பிடிப்பது இதில்தான், ஆபத்தும் இதில்தான். ரேடியன் ஆர்.எக்ஸ். 6600 கார்ட்டுக்கு 450 வாட் பவர் சப்ளையை ஏ.எம்.டி. பரிந்துரைக்கின்றது. மலிவான சில பெட்டிகள் மேலே ஒட்டியிருக்கும் அளவு மின்சாரத்தைத் தருவதில்லை. அவை பழுதாகும்போது மற்றப் பாகங்களையும் சேதப்படுத்தக்கூடும். 80 பிளஸ் சான்றுள்ள, பெயர் தெரிந்த நிறுவனத்தின் தயாரிப்பாகப் பாருங்கள். கார்ட்டுக்குரிய 8 பின் இணைப்பு இருக்கின்றதா என்பதையும் பாருங்கள்.

கனடாவில் இருந்து உறவினர் கொண்டுவரும் பவர் சப்ளையின் பின்புறத்தில் 115/230 என்ற சிறு சுவிட்ச் இருந்தால், இங்கு செருகுவதற்கு முன் அதை 230 இல் வையுங்கள். 115 இல் இருந்தால் செருகியவுடனேயே எரிந்துவிடும்.

பழைய அலுவலகக் கணினிகள்

மீள்திருத்திய டெல், எச்.பி. கணினிகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. படிப்புக்கு அவை போதும். ஆனால் அவற்றில் பலவற்றின் பவர் சப்ளையும் இணைப்புகளும் அந்த நிறுவனத்துக்கே உரியவை. வேறு மாற்ற முடியாது. சிறிய பெட்டியாயின் உயரம் குறைந்த கார்ட் மட்டுமே உள்ளே போகும். கார்ட்டின் அளவையும் பெட்டியின் இடத்தையும் அளந்த பின்னரே முடிவெடுங்கள்.

பணம் கொடுக்கும் முன்

மாதம் ஒரு பாகமாக வாங்கி வைப்பது நல்லதல்ல. கடைசிப் பாகம் வந்து பொருத்திப் பார்க்கும்போது முதற் பாகத்தின் உத்தரவாதக் காலம் குறைந்திருக்கும். மாற்றித் தரும் நாட்கள் கடந்திருக்கும். முழுப் பணமும் சேரும்வரை பொறுங்கள். அவசரமென்றால் 5600ஜி உடன் தொடங்கி, கார்ட்டைப் பின்னர் சேருங்கள். பட்டியலை எழுதிக் கடைக்குக் கொண்டுசென்று, அங்கேயே பொருத்தி இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு பாகத்தின் தொடர் இலக்கமும் உத்தரவாதக் காலமும் பற்றுச்சீட்டில் இருக்கட்டும். முல்லைத்தீவில் இருந்தோ மன்னாரில் இருந்தோ யாழ்ப்பாணம் வந்து வாங்குபவருக்கு, பிழையான ஒரு பாகத்தை மாற்ற இன்னொரு நாளும் பஸ் காசும் போகும்.