சந்தேகம் போதும், சாட்சி வேண்டாம்

கிள்ளானில் பிள்ளைக் கொடுமை பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு பதில்கள் உடனே வரும். "அது அவங்க குடும்ப விஷயம்" என்பது ஒன்று. "வெல்ஃபேருக்குச் சொன்னா பிள்ளையைத் தூக்கிட்டுப் போய் ஹோம்ல போட்டுடுவாங்க" என்பது மற்றொன்று.

முதல் பதிலைச் சட்டம் எப்போதோ தள்ளிவிட்டது. 1990-இல் இரண்டு வயதே ஆன ஓர் இந்தியக் குழந்தை கொடுமைக்கு ஆளாகி இறந்தபோது மலேசியாவே கொதித்தது. மறு ஆண்டே குழந்தைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் இன்று இருப்பது சிறார் சட்டம் 2001. இரண்டாவது பதில்தான் இன்னும் பலரின் வாயைக் கட்டிப்போடுகிறது.

காயத்தை எப்படிப் பார்ப்பது?

ஓடியாடும் பிள்ளைக்கு முட்டியிலும் நெற்றியிலும் அடிபடுவது சகஜம். ஆனால் இன்னும் தவழவே தொடங்காத குழந்தையின் உடம்பில் கன்றிப்போன தடம் இருந்தால் கேள்வி எழ வேண்டும். தானாக நகரத் தெரியாத குழந்தை எதில் போய் மோதியிருக்கும்? காது, கழுத்து, வயிறு, முதுகு ஆகியவை சாதாரணமாக விழும்போது அடிபடாத இடங்கள். காலுறை அணிந்தது போல் ஒரே அளவில், ஓரம் நேராக நிற்கும் சுடுநீர்ப் புண்ணும் அப்படித்தான். தட்டிவிட்ட தண்ணீர் சிதறித் தெறிக்கும், இப்படி அளவெடுத்துச் சுடாது. மேலுதட்டை ஈறோடு இணைக்கும் மெல்லிய சதை கிழிந்திருந்தால் பால் போத்தலை வலிந்து திணித்திருக்கலாம்.

வெளியே ஒரு கீறலும் இல்லாமல் மூளைக்குள் இரத்தம் கசிவதும் உண்டு. அழுகையை நிறுத்தக் கைக்குழந்தையைப் பிடித்துக் குலுக்கியதன் விளைவாக அது இருக்கலாம். வாந்தி, தூக்கக் கலக்கம், வலிப்பு என்று கிளினிக்குக்கு வரும். விழித்திரையில் இரத்தக்கசிவு இருக்கிறதா என்று கண் மருத்துவர் பார்த்த பிறகுதான் பல சமயம் விஷயம் புலப்படும்.

இவை எதுவும் தீர்ப்பல்ல. நம் குழந்தைகள் பலருக்கு இடுப்புக்குக் கீழே பிறவியிலேயே நீலத் திட்டு இருக்கும்; இரத்தம் உறையாத நோயிலும் உடம்பு கன்றும். அதைப் பிரித்தறிவது மருத்துவரின் வேலை. அக்கம்பக்கத்தார் செய்ய வேண்டியது, பார்த்ததைச் சொல்வது மட்டுமே.

ஆயாக் கொட்டகை போன பிறகு

தோட்டத்தில் அம்மா விடியலில் பால்மரம் சீவப் போகும்போது பிள்ளை ஆயாக் கொட்டகையில் இருக்கும். அது சொர்க்கம் ஒன்றுமில்லை. ஆனாலும் ஒரு பெரியவரின் கண் பிள்ளைகள்மீது இருந்தது. கிள்ளான், காப்பார் வட்டாரத் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறிய பிறகு, மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கு வந்த குடும்பங்களுக்கு அந்தக் கண் கிடைக்கவில்லை. அம்மாவுக்கு ஷிப்ட் வேலை. பத்து வயது அக்கா, கதவைப் பூட்டிக்கொண்டு தம்பிகளைப் பார்த்துக்கொள்கிறாள்.

இது புறக்கணிப்பா? தகுந்த ஏற்பாடு இல்லாமல் பிள்ளைகளைத் தனியே விடுவது சட்டப்படி குற்றம்தான். ஆனால் ஏழ்மையையும் அலட்சியத்தையும் ஒரே கணக்கில் எழுதுவது அநியாயம் என்பேன். அந்தத் தாய் 'வெல்ஃபேர்' எனும் சமூக நல இலாகாவிடம் உதவித்தொகை கேட்கத்தான் முதலில் போக வேண்டும், பயத்தினால் போவதில்லை. மருந்து கையில் இருந்தும் ஆஸ்துமா பிள்ளைக்குக் கொடுக்காதது, தடுப்பூசித் தவணைகளை விட்டுவிடுவது, நாள்தோறும் பட்டினியோடு பள்ளிக்கு அனுப்புவது, பள்ளிக்கே அனுப்பாதது ஆகியவை தொடர்ந்து நடந்தால் அது வேறு. "நாங்களும் ரோத்தான் அடி வாங்கித்தான் வளர்ந்தோம்" என்பவர்களிடம் வாதாட எனக்கு விருப்பமில்லை. வளர்ந்தவர்கள் மட்டும்தானே அதைச் சொல்ல முடிகிறது!

சொன்ன பிறகு என்ன நடக்கும்?

தாலியான் காசிஹ் என்ற உதவித் தொலைபேசி எண் 15999 இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. போலீஸ் நிலையத்திலோ மாவட்டச் சமூக நல அலுவலகத்திலோ கூடச் சொல்லலாம். பிள்ளையின் வயது, முகவரி, என்ன பார்த்தீர்கள், எப்போது பார்த்தீர்கள் என்பவை போதும். நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையதல்ல. மருத்துவர், கூலிக்குப் பிள்ளை பார்ப்பவர், அதே வீட்டில் வாழும் பாட்டி, சித்தப்பா ஆகியோருக்கோ தகவல் சொல்வது சட்டக் கடமை.

பிறகு பாதுகாவல் அதிகாரி வருவார். தேவைப்பட்டால் போலீசும் உடன் வரும். அவர் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: இன்றிரவு இந்தப் பிள்ளை இங்கே தூங்குவது பத்திரமா? பத்திரம் என்றால் பிள்ளை வீட்டிலேயே இருக்கும். குடும்பத்துக்கு ஆலோசனை, உதவி, மறுவருகை என்று வேலை தொடரும். இல்லையென்றால்தான் தற்காலிகக் காவலில் எடுப்பார்.

எடுத்த பிறகும் அவர் இஷ்டப்படி வைத்துக்கொள்ள முடியாது. 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிமன்றத்தின் முன் நிறுத்த வேண்டும். சிகிச்சை தேவையென்றால் அரசு மருத்துவமனைக்கு அனுப்புவார். கிள்ளானில் அது தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை. சந்தேகத்துக்குரிய வழக்குகளைக் குழந்தை மருத்துவர், மருத்துவச் சமூகப் பணியாளர், மனநல மருத்துவர் எனப் பலரும் சேர்ந்து பார்க்கும் குழு கோலாலம்பூர் மருத்துவமனையில் 1985-இலேயே உருவானது.

கடைசியில் முடிவெடுப்பது நீதிமன்றம். பெற்றோரிடம் பிணை எழுதி வாங்கிக்கொண்டு பிள்ளையை ஒப்படைக்கலாம். தகுதியான ஓர் உறவினரிடம் விடலாம். வளர்ப்புக் குடும்பத்திடமோ காப்பகத்திடமோ தரலாம். ஆக, எல்லாரும் பயப்படும் 'ஹோம்' பல வழிகளில் ஒன்று மட்டுமே. 2016-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, கொடுமைக்கும் புறக்கணிப்புக்கும் 50,000 வெள்ளி வரை அபராதமோ 20 ஆண்டுகள் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம்.

பிள்ளை வாய்திறந்து சொன்னால்

ரிச்சர்ட் ஹக்கிள் என்ற பிரிட்டிஷ்காரர் 2006 முதல் 2014 வரை கோலாலம்பூர் வட்டாரத்து ஏழைக் குடும்பங்களோடு பழகி, பிள்ளைகளைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கினார். ஆங்கிலம் சொல்லித் தருபவராக, நல்லவராக நடமாடியவர். 2016-இல் லண்டன் நீதிமன்றம் அவருக்கு 22 ஆயுள் தண்டனைகள் விதித்தது. மறு ஆண்டு மலேசியாவில் சிறாருக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் வந்தது. அதன்படி இத்தகைய குற்றம் தெரிந்தும் சொல்லாமல் இருப்பவர் யாராயினும் 5,000 வெள்ளி வரை அபராதம் கட்ட நேரிடும்.

பிள்ளை ஏதாவது சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். "பொய் சொல்லாதே" என்று மிரட்டுவது வேண்டாம்; அத்தை, பெரியம்மா என்று ஆளுக்கொரு முறை சொல்லவைப்பதும் வேண்டாம். முறையான வாக்குமூலத்தைப் பயிற்சி பெற்ற அதிகாரி காணொளியில் பதிவுசெய்வார். சம்பவம் நடந்த அன்று அணிந்திருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு, பிள்ளையை நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். போலீஸ் புகாரை அங்கே போன பிறகும் செய்யலாம்.